தரையில் நின்று பூட்டிய இறக்கை

முதலில் நகர்ந்தது நிழல்தான்.

நான் பட்டறைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து ரெசின் கலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே, மூன்று இரும்புக் குழாய்களை முக்காலி போல நிறுத்தி உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தோம். அதில் டிராகனின் வலது இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. கூலிக்கு வந்த இரண்டு பேர் சங்கிலியை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். சாரத்தின் மேல் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். இறக்கை தோள்பட்டைத் துளைக்கு நேராக வந்ததும் போல்ட்டைச் செருகுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம். காலையெல்லாம் அடித்த காற்று மதியத்துக்குமேல் அடங்கியிருந்தது. அதை நம்பித்தான் தூக்கினோம்.

இறக்கையின் விளிம்பு வெயிலைப் பார்த்தபடி இருந்ததால் அதன் நிழல் வாசலில் ஒரு கோடு மாதிரி விழுந்திருந்தது. அந்தக் கோடு சட்டென்று அகலமாகி என் மடிமேல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். காற்று இறக்கையை முழுசாகத் திருப்பிவிட்டிருந்தது. அதன் ஓரம் போய்ச் சாரத்தில் மோதியது. சவுக்குக் கழி முறிகிற சத்தம் கேட்டது.

அவர் கத்தவில்லை. கருங்கல் ஜல்லிக் குவியல்மேல் வந்து விழுந்தபோதும் கத்தவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே இன்னும் சுற்றிக்கொண்டிருந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த எறக்கி வெய்யி," என்றார். அதன் பிறகுதான் கண்ணை மூடினார்.

பறக்காத சிலைகள்

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் நிற்கிற சிலைகளையும் உட்கார்ந்திருக்கிற சிலைகளையும் பற்றித்தான். ஐயனார் குதிரை, முனீஸ்வரர், கல்யாண மண்டபத்து வாசல் யானை. அவற்றில் எதற்கும் காற்றைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. கனம் இருந்தால் போதும், அது பாட்டுக்கு நிற்கும்.

நான் பிறந்தது கூரம். சின்ன வயதில் நான் பார்த்த பெரிய உருவம் என்றால் அது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மண்ணால் செய்கிற துரியோதனன்தான். தரையில் மல்லாந்து படுத்திருப்பான். ஒரு ஆள் அவன் கையிலிருந்து காலுக்குப் போக வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். கூத்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த மண் ஈரமாக, சாணமும் மஞ்சளும் கலந்த வாசனையோடு உள்ளங்கையில் ஒட்டும். அவ்வளவு பெரிய ஆளுக்கு உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. படுத்திருப்பவனைப் பூமியே தாங்கிக்கொள்கிறது.

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த பிறகுதான் கம்பியைத் தெரிந்துகொண்டேன். அவர் இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டர். ஒரு முறை மானாம்பதியில் ஒருவர் வீட்டு மாடிமேல் கிளி வேண்டுமென்று கேட்டார். இவர் கம்பியில் கிளியை வளைத்துவிட்டார். மேலே சிமெண்ட் பூசத் தெரியவில்லை. நான் பூசினேன். கோலம் போடுகிற கை, இறகு போடவும் வந்துவிட்டது. அன்றிலிருந்து எலும்பு அவர் வேலை, தோல் என் வேலை. பேசி வைத்துக்கொண்டதில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

றெக்கை வைத்த முதலை

செங்கல்பட்டு ரோட்டில் புதிதாக ஒரு குழந்தைகள் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மேனேஜர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். பின்னங்காலில் எழுந்து நின்று, கழுத்தை வானத்துக்கு நீட்டி, இரண்டு இறக்கையையும் அகல விரித்த டிராகன். வாசலில் வைக்க வேண்டும், வண்டியில் போகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னா இது, றெக்கை வெச்ச முதலையா?" என்று என்னிடம் கேட்டார். ஊரில் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பறக்கிற பாம்பு என்றார்கள். யாளி என்றார்கள். யாளியை நாங்கள் கோயில் தூணில் பார்த்திருக்கிறோம். அது கல். தலைக்குமேல் கூரையைத் தாங்கிக்கொண்டு காலகாலமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அதற்கு இறக்கை இல்லை. இறக்கை வைத்ததும்தான் தொல்லையே ஆரம்பிக்கிறது.

உடம்பு எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. ஏரிக் களிமண்ணில் பாகம் பாகமாக மாதிரி செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் ஃபைபர் போட்டு எடுத்தோம். செதில்களை நான் ஒவ்வொன்றாகத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் கீறினேன். உள்ளே சதுரக் குழாயில் அவர் எலும்புக்கூடு செய்தார்.

இறக்கைக்குத்தான் எங்களுக்கு எலும்பு தெரியவில்லை. படத்தைப் பார்த்துப் போட்ட முதல் இறக்கை, பிய்ந்த குடை மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு அறுத்துப் போட்டார்.

ஏரிக்கரைப் புளியமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். ஒரு நாள் காலை கரண்டு கம்பியில் அடிபட்டு ஒன்று ரோட்டோரம் கிடந்தது. நான் அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். தரையில் வைத்து இறக்கையை விரித்தோம். எனக்கு அதுவரை தெரியாது, வௌவாலின் இறக்கை என்பது ஒரு கை. கட்டைவிரல் மேலே கொக்கி மாதிரி தனியாக நிற்கிறது. மற்ற விரல்கள்தான் நீண்டு நீண்டு போய்த் தோலைப் பிடித்திருக்கின்றன. தோல் அவ்வளவு மெல்லிசு. பேப்பரில் அச்சடித்திருந்த எழுத்து அதன் வழியாகத் தெரிந்தது.

அவர் சாக்பீஸால் தரையிலேயே அளவு போட ஆரம்பித்துவிட்டார். நான் வௌவாலை வேப்ப மரத்தடியில் புதைத்தேன்.

ரெசினும் காடாத் துணியும்

ஃபைபர் வேலை என்றால் வெளியே இருப்பவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். ரெசின் தேன் மாதிரி ஒரு திரவம். அதில் ஹார்ட்னர் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகும். கண்ணாடி இழையில் செய்த பாய் ஒன்று இருக்கிறது, மேட் என்போம். அதன்மேல் ரெசினைத் தடவித் தடவி ஒட்டினால் இரும்பு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் வெயிலில் ஹார்ட்னர் ஒரு சொட்டு கூடிவிட்டால், கலக்குகிற மக்கிலேயே ரெசின் சூடேறிப் புகையும். மழையில் குறைந்துவிட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். சீக்கிரம் இறுக ஆக்சிலேட்டர் என்று இன்னொன்றும் ரெசினில் சேர்ப்போம்; அதை ஹார்ட்னரோடு நேராகக் கலந்துவிட்டால் தீப்பிடிக்கும். அதனால் இரண்டு டப்பாவையும் கொட்டகையின் இரண்டு மூலையில் வைத்திருப்பேன். காய்ந்ததைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் கண்ணாடித் தூள். அன்றைக்குச் சேலையும் தோலும் சேர்ந்து அரிக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

சாமான் எல்லாம் பஜாரில் கவுஸ் பாய் கடையில்தான் வாங்குவோம். பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கிற கடை, அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. டிராகனின் இறக்கைக்கு ரெசின் என்றதும், கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு அவரே பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

விரல் எலும்புகளுக்கு நடுவே தோல் வேண்டும். காடாத் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் ரெசின் பூசினோம். ஈரத்தின் கனத்தில் துணி தொய்ந்து, கொடியில் போட்ட புடவை மாதிரி ஆனது. எத்தனை இறுக்கிக் கட்டினாலும் தொய்ந்தது. கடைசியில் இறக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பூசினோம். தொய்வு அப்படியே இருந்தது. காய்ந்த பிறகு நேராகத் திருப்பினால், உள்ளே காற்று நிரம்பின மாதிரி மேல்நோக்கிப் புடைத்திருந்தது.

அன்று சாயந்திரம் அதைச் சுவரில் சாய்த்து வைத்தோம். வெயில் பின்னாலிருந்து அடித்தது. தோல் முழுக்கத் தேன் நிறமாக எரிந்தது, எலும்பெல்லாம் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. இவ்வளவு அழகாக நாங்கள் எதையும் செய்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் பீடி பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இறக்கைதான் ஆடிக் காற்றில் பாய்மரம் மாதிரி திரும்பியது. ஒரே பலகையாக, காற்று போக எங்கேயும் வழியில்லாமல் அதைச் செய்திருந்தோம்.

காயலான் கடை

இடுப்பு எலும்பு விரிசல் விட்டிருந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நான் கம்பியைத்தான் பார்த்தேன். மேலும் கீழும் திருகு போட்டிருந்தது. நல்ல வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை, அந்த நினைப்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. புள்ளலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்து இருந்துவிட்டுப் போனாள். வாக்கர் பிடித்துக் கழிவறை வரை நடப்பார். இனிமேல் உயரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பற்றி அவர் மறுபடி என்னிடம் பேசவே இல்லை. எங்கள் வீடும் பட்டறையும் ஒரே மனை. அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தேன். அவர் அதை உள்சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

வாசலில் டிராகன் ஒரு இறக்கையும் இல்லாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வலது இறக்கை விளிம்பு நசுங்கிச் சுவரோரம் கிடந்தது. இடதுக்குக் குழாய் மட்டும்தான் வளைத்து வைத்திருந்தார்.

மேனேஜர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். இறக்கை இல்லாமலே கொடுத்துவிடுங்கள், டைனோசர் என்று போர்டு எழுதி வைத்துக்கொள்கிறோம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"யாருக்கும் குடுக்க வோணாம். அத்த அறுத்து காயலான் கடையில போட்டுடு."

"அறுத்துட்டா நீ வியுந்தது மட்டும்தான் மாமா மிச்சம்," என்றேன்.

அவர் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அது அவர் செய்த எலும்பு. எத்தனையோ தரம் அறுத்து, திரும்பக் கட்டி, வௌவாலின் விரலை அளந்து செய்தது. அதைக் கிலோ கணக்கில் எடை போடுவதை நான் நின்று பார்க்க வேண்டுமா? நானே முடிப்பேன் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வெல்டிங் பற்ற வைப்பதற்குச் சின்னச் சின்ன இடங்களில் முன்பே எனக்கு அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மிச்சத்தை இரும்புத் துண்டுகளில் பழகினேன். முதல் சில நாள் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தியது.

கவுஸ் பாய் அவரைப் பார்க்க நாஷ்டா வாங்கிக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் வாய் திறக்காததால் திரும்பும்போது என்னோடு கொஞ்சம் நிற்பார். ஒரு நாள் நசுங்கிய இறக்கையைப் பார்த்தபடி, பேனர் கட்டுபவர்கள் என்ன செய்கிறார்கள் கவனித்தாயா என்று கேட்டார்.

"நடுவுல அங்கங்க அரைவட்டமா அறுத்து வுட்டுடறான் தங்கச்சி. காத்துக்கு வழி வுட்டுட்டா அது ஏன் உன்கிட்ட சண்டைக்கு வரப் போவுது?"

அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். இறக்கையை ஒரே பலகையாக இல்லாமல் விரல் விரலாகச் செய்யலாம். ஒவ்வொரு விரலுக்கும் அதன் தோல் தனி. இரண்டு தோல்களுக்கு நடுவே இடைவெளி. ஓரங்களை வயதான மிருகத்தின் இறக்கை போலக் கிழிசல் கிழிசலாக விடலாம். காற்று அதன் வழியாகப் போய்விடும். தூக்குவதும் சுலபம். ஒரு விரலை இரண்டு பேர் தூக்கலாம்.

அப்படித்தான் செய்தேன். பழைய இறக்கையிலிருந்து அவர் வளைத்த குழாய்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சாரக் கழி

விரல்கள் தயாரானதும், கூலி ஆட்களைக் கூப்பிட்டுச் சாரம் கட்டச் சொன்னேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. காற்றே இல்லை. தோளில் குழாய்க்குள் குழாய் நுழைகிற மாதிரி பொருத்து வைத்து, அதற்கு இன்னும் கொஞ்சம் பற்ற வைக்க வேண்டியிருந்தது. ஏறுவதற்குச் சேலையைச் செருகிக்கொண்டு முதல் கழியில் காலை வைத்தேன்.

பின்னால் சத்தம் கேட்டது. வாக்கரில் ரப்பர் கழன்றுபோன கால் சிமெண்டில் இடிக்கிற சத்தம். அவர் வீட்டு வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்ததில்லை. சட்டை போடவில்லை. மூச்சு வாங்கியது. ஈரத்தில் எங்கே வழுக்கிவிடப் போகிறாரோ என்று நான் ஓடினேன்.

"நீ ஏறாத," என்றார்.

கூலி ஆட்கள் நகர்ந்து போய்விட்டார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மேல எனக்கு இன்னா கோவம் கீது? இரும்பு அது. அது நின்னா நீ மேல ஏறுவ. அதுக்குத்தான் அறுக்கச் சொன்னேன். கழி கட்ற சத்தம் கேட்டுது. உள்ள படுத்துக்கினு, நீ வியுற சத்தம் எப்ப வரும்னு கேட்டுக்கினு கீறேன் பூங்காவனம்."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் முழுப்பெயரைச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஏ, இந்தா என்பார். இல்லையென்றால் பூங்கா என்பார்.

நான் கொட்டகையிலிருந்து நாற்காலி கொண்டு வந்து போட்டேன். அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் இரண்டு பேரும் டிராகனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழைத் தண்ணீர் அதன் தாடையில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏறாம எப்பிடி மாமா பூட்றது?" என்று கேட்டேன்.

அவர் முதலில் பின்னங்காலைப் பார்த்தார். பிறகு முதுகு. பிறகு கழுத்து.

"நீ ஏற வோணாம். அது எறங்கட்டும்," என்றார்.

எறங்கியது

மறுநாளிலிருந்து அவர் நாற்காலி முற்றத்துக்கு வந்துவிட்டது.

நிற்கிற டிராகனை உட்கார வைப்பது சின்ன வேலை இல்லை. பின்னங்கால்களைத் தொடையில் அறுத்து மடக்க வேண்டும். மடக்கினால் ஃபைபர் தோல் அங்கே போதாது, புதிதாகச் செய்ய வேண்டும். முன்னங்கால்கள் தரையில் ஊன்ற வேண்டும். கழுத்து வானத்தைப் பார்த்திருந்தது, அதைத் தாழ்த்த வேண்டும். எங்கே அறுப்பது என்று அவர் கம்பால் தொட்டுக் காட்டுவார். நான் சாக்பீஸால் கோடு போடுவேன். ஒரு கோட்டை அவர் ஒத்துக்கொள்ள அரை நாள் ஆகும். ஒரு தரம் நான் அறுத்தது கோணலாகப் போய், கால் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கால்கள் மடங்கி உடம்பு இறங்கியதும், தோள் என் மார்பு உயரத்துக்கு வந்தது. இறக்கை விரல்களைத் தரையில் நின்றே ஒவ்வொன்றாகச் செருகினோம். நான் போல்ட் முறுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இறக்கையும் பாதி விரிந்து, பாதி மடங்கி நின்றன.

மேனேஜர் வந்தார். அவர் கேட்டது வானத்தைப் பார்த்து எழுந்து நிற்கிற ஒன்றை. எங்களிடம் இருந்ததோ தரையோடு பதுங்கி, தலையைத் தாழ்த்திய ஒன்று. படத்தில் இருந்தது வேறு ஆயிற்றே என்று கேட்டார்.

"படத்துல கீறது இனிமேதான் பறக்கப் போவுது சார். இது இப்பத்தான் வந்து எறங்கிச்சி," என்றார் என் வீட்டுக்காரர்.

மேனேஜர் சுற்றி வந்தார். குனிந்து அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். பல்லைத் தொட்டார். குழந்தைகள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். வாசலில் வேண்டாம், உள்ளே புல்தரையில் வைத்துவிடலாம் என்றார்.

தை மாதம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். இவரும் வருவேன் என்றார். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தோம். பூங்காவில் பூட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிக்கொண்டு இறக்கைக்கு அடியில் போய் வந்துகொண்டிருந்தேன். இவர் ஒரு சிமெண்ட் பெஞ்சில் வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். அவருக்கு டீயை வண்டிக்கே கொண்டு வந்து கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். கண்ணாடித் தூள் அரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, வண்டி கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு, வால் கொஞ்சம் நீளம் குறைச்சலோ என்றார். உடம்பை இறக்கிவிட்டதால் வால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்க வேண்டுமாம்.

அவர் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அது மாதக்கணக்கில் அவர் கண்ணெதிரேதான் இருந்தது. ஒரு நாளும் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமையாகப் போய்விட்டது.

"நாற்காலி போட்டு உட்காந்துக்கினு தினமும் பாத்துக்கினு தானே இருந்த மாமா? அப்பவே சொல்லியிருந்தா ஒரு சுத்து சேத்திருப்பேன் இல்ல?"

"நான் எங்க அத்தப் பாத்தேன்," என்றார். "உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."